கருங்கல்காரனிடம் இருந்த ஆம்ப்ளிபயர்

இரணியல் வட்டாரத்தில் மைக் செட்டு என்றால் முதலில் என்னைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டி, வாடகைச் சைக்கிள் விட்டு, யார் தயவும் இல்லாமல் ஒரு ஜோடி ஒலிபெருக்கிக் குழாய் வாங்கினேன். நம் பக்கம் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தைய சமாச்சாரம். அந்த மாதிரிக் குழாய் அன்று நாகர்கோவிலில்கூடக் கிடையாது. நீளக் கழுத்து, அகன்ற வாய். தென்னையில் ஏற்றிக் கட்டினால் பாட்டு நெய்யூர் வரை போகும். சும்மா சொல்லவில்லை. அங்கே நின்றவன் மறுநாள் வந்து, நான் என்னென்ன பாட்டுப் போட்டேன் என்று வரிசையாகச் சொன்னான்.

பக்கத்து ஊரான கருங்கல்லிலும் ஒருவன் செட்டு வைத்திருந்தான். என்னைவிட வயதில் சின்னவன். அவன் குழாய்கள் குட்டையானவை, எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி. அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என் வயிறு எரிந்தது அவனுடைய ஆம்ப்ளிபயரைப் பார்த்துத்தான். என்னிடம் மைக்குக்கு ஒரு பெட்டி, இசைத்தட்டுக்கு ஒரு பெட்டி, நடுவில் கொடி படர்ந்ததுபோல வயர். அவனுக்கு எல்லாம் ஒரே பெட்டிக்குள். மைக்குக்கு ஒரு திருகு, பாட்டுக்கு ஒரு திருகு. கரண்டு இருக்கிற இடத்தில் கரண்டில் ஓடும், இல்லாத இடத்தில் கார் பேட்டரியில் ஓடும். பாட்டை நிறுத்தாமலே தாழ்த்தி, அதன்மேல் அவன் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும்.

ஒருநாள் கருங்கல் சந்தைக்குப் போய்வந்த என் மனைவி, கூடையை இறக்கி வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

“கேட்டியளா, சந்தையில அந்தப் பையனுக்க செட்டு வச்சிருந்தாவ. காணாமப் போன ஆட்டுக்க அடையாளம் சொன்னான். ஒரு வார்த்தை விடாம வெளங்கிச்சு.”

“நம்ம செட்டுல வெளங்காதா?”

“நம்மதுல சத்தம் நல்லா உண்டு,” என்றாள்.

அவள் மீன் கழுவப் போய்விட்டாள். நான் அந்த ஆட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதமே ஒரு கடற்கரை ஊரின் தலைவர் என் கடைக்கு வந்தார். அந்த ஊர் மாதா கோவிலின் பத்து நாள் திருநாளுக்கு இரண்டு வருஷமாக என் செட்டுதான். அந்தத் திருநாள் கையில் இருந்தால் சுற்று வட்டாரத்துக் கல்யாணமெல்லாம் தானாக வந்து சேரும். அது போனால் பழையபடி பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்.

“அண்ணாச்சி, பாட்டுக்கு உம்ம செட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு,” என்றார் தலைவர். “ஆனா சாமியாருக்க பிரசங்கம் கரையில நிக்கவனுக்கு ஒண்ணும் வெளங்கல்ல. கருங்கல் ஆளும் கேக்கான். ரெண்டு பேரும் அடுத்த மாசம் ஒரு நாளு காலையில செட்டக் கொண்டு வாங்க. கேட்டுட்டு முடிவு செய்யலாம்.”

மறுநாளே இரண்டு குழாயையும் பஸ் மேலே ஏற்றி நாகர்கோவிலுக்குப் போனேன். அங்கே ரேடியோக் கடைக்காரர் ஒருவர் ஆம்ப்ளிபயரும் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“குழாய எதுக்கு வோய் சொமந்துட்டு வந்தீரு? பொறத்தால எழுதியிருக்க நம்பரச் சொன்னாப் போதுமே.”

“மாப்பிளைக்க நம்பரச் சொன்னா நீரு பொண்ணக் கட்டிக் குடுப்பீரா?” என்றேன்.

குழாயின் பின்பக்கம் ஓம் என்று ஒரு கணக்கு எழுதியிருக்கும். ஆம்ப்ளிபயரின் முதுகிலும் அந்தக் கணக்கு உண்டு. இரண்டும் பொருந்தாவிட்டால் சத்தம் செத்துப்போகும், அல்லது ஏதாவது எரிந்துபோகும். அதெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் கணக்குப் பொருந்துவது வேறு, குரல் பொருந்துவது வேறு. ஜாதகம் பொருந்தியும் நாளெல்லாம் சண்டை போடுகிறவர்கள் இல்லையா?

கடையில் மூன்று இருந்தன. குழாய்களைக் கடை வாசலில் தெருவைப் பார்த்து வைத்து ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னேன். முதலாவது சின்னது. என் குழாய்கள் அதற்கு வாயே திறக்கவில்லை. இரண்டாவது, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். போட்டதும் தெருக் காக்கையெல்லாம் பறந்தது. ஆனால் குரல், பாத்திரக் கடை சரிந்ததுபோல இருந்தது. மூன்றாவதை மாட்டச் சொல்லிவிட்டு, தெருக் கோடியில் வண்டிப்பேட்டை வரை நடந்துபோய் நின்றேன். கடைக்காரர் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்றார்.

“எண்ணினா யாருக்கும் வெளங்கும். பேசும் வோய்,” என்று அங்கிருந்தே கத்தினேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கிலேயே பேசினார்: “காலையிலே ஒரு மனுசன் வந்து எனக்க வியாவாரத்தக் கெடுத்துட்டு நிக்கான். ஒரு சாதனம் வாங்கல்ல. ஒரு சாயாகூட வாங்கித் தரல்ல. வண்டிப்பேட்டையில, தலையில துண்டு கட்டிட்டு நிக்கானே, அவன்தான்.”

தெருவே திரும்பி என்னைப் பார்த்தது. வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது. ‘சாயா’ என்ற வார்த்தையில் இரண்டு எழுத்தும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தன. என் குழாய்க்கு ஏற்ற ஆள் கிடைத்துவிட்டான்.

திரும்பி வந்து “இதுதான்” என்றேன்.

“கருங்கல்காரரும் இதத்தான் கொண்டு போனாரு,” என்றார் கடைக்காரர். “அவருக்கு நல்ல காது.”

பணத்தோடு நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் வெந்ததெல்லாம் அவனுக்கு இரண்டாவது ஆளாகப் போய் நிற்கத்தானா? அந்தக் கனமானதை இன்னொரு தடவை போடச் சொன்னேன். மறுபடியும் பாத்திரக் கடை சரிந்தது. வேறு வழியில்லாமல் மூன்றாவதையே வாங்கினேன். ஆனால் இது அவனுடையதுதான் என்று ஒருவனும் கண்டுபிடிக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

தெரிந்த ஆசாரியிடம் பலாமரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். நான்கு பக்கமும் அடைப்பு, பித்தளைப் பிடி, மேலே பூட்டுப் போட்ட மூடி. திருகுகளுக்கு மட்டும் முன்னால் ஒரு சின்னக் கதவு.

“காத்துக்கு ஓட்ட வைக்காண்டாமா?” என்று ஆசாரி கேட்டார்.

“இது என்ன கோழிக்கூடா?” என்றேன்.

பெட்டி நகைப்பெட்டி மாதிரி வந்தது. அதைப் போல அழகான செட்டை அந்தக் கடற்கரை அதுவரை கண்டதில்லை. இதை இன்றும் சொல்வேன்.

குறித்த நாள் காலையில் கோவில் முற்றத்தில் இரண்டு செட்டும் வைத்தோம். தலைவர், கரையில் ஏற்றிவைத்திருந்த கடைசி வள்ளத்தின் பக்கம் மீன்காரி ஒருத்தியை நிறுத்தினார். கேட்டது விளங்கினால் அவள் பதில் சொல்ல வேண்டும். முதலில் கருங்கல்காரன் செட்டு. சாமியார் பேசினார். பாதித் தூரம் வரை கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசி வள்ளத்தில் அலைச்சத்தம்தான். அவள் கையை விரித்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்தது என் செட்டு. பூசை நேரத்தில் கரையில் நின்று ஊர்க்கதை பேசுகிறவர்களைப் பற்றிச் சாமியார் ஆரம்பித்தார்.

“நான் இல்ல சாமி, பக்கத்துல நிக்க இவளாக்கும் பேசினது,” என்று கடைசி வள்ளத்திலிருந்து சத்தம் வந்தது. கரையே சிரித்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாமியாருக்கு உற்சாகம் வந்து முழுப் பிரசங்கமும் செய்யத் தொடங்கிவிட்டார். வெயிலும் ஏறிற்று. கொஞ்ச நேரத்தில் அவர் குரலுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டது. பிறகு குரலே கம்மிக்கொண்டு போனது. பெட்டியிலிருந்து பாலிஷ் வாசனை வந்தது. மீன்காரி கையை விரித்தாள்.

மர நிழலில் உட்கார்ந்திருந்த கருங்கல்காரன் எழுந்து வந்து பெட்டிமேல் கையை வைத்தான்.

“அண்ணாச்சி, பேட்டரிக் கம்பியக் களத்தும். மூடியத் தொறயும். உள்ள கெடந்து வேவுது.”

“சாவி வீட்டுல இருக்கு.”

“மடியில தொங்குதது என்னவாம்?”

தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்தேன். உள்ளே கண்ணாடி வால்வுகள் அடுப்புக் கங்குபோலச் சிவந்திருந்தன. அவன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“இது எனக்கதுக்குத் தம்பி இல்லியா,” என்றான்.

அவனே என் ஆம்ப்ளிபயரைக் குழந்தையைத் தூக்குவதுபோல வெளியே எடுத்து, தன்னுடையதன் பக்கத்தில் பெஞ்சில் வைத்தான். ஊரே வந்து இரண்டையும் பார்த்தது. சாமியார் காப்பி குடித்து முடிக்கும்வரை ஆறவிட்டு, மறுபடி கம்பியை மாட்டினோம். கடைசி வள்ளத்திலிருந்து பதில் உடனே வந்தது.

“சாதனம் ரெண்டும் ஒண்ணு,” என்றார் தலைவர். “அப்ப வித்தியாசம் குழாயிலதான். திருநாளு அண்ணாச்சிக்கே இருக்கட்டு.”

ஜெயித்தது என் குழாய். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். நான் கருங்கல்காரன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் நான் பட்டதில் கால்வாசியாவது அங்கே தெரியும் என்று காத்திருந்தேன். குழாய் எங்கே வாங்கினீர் என்று கேட்பான், சொல்லாமல் அலைக்கழிக்கலாம் என்றிருந்தேன். அவன் வயரைச் சுருட்டிக்கொண்டே, “குழாய் அசல் குழாய் கேட்டீரா, அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

திருநாளின் ஏழாம் நாளோ எட்டாம் நாளோ மனைவி மக்களோடு வந்தான். என் குழாய்க்கு நேர் கீழே நின்று பிள்ளைகளுக்கு மிட்டாய் பிரித்துக் கொடுத்தான். பாட்டுக்குத் தலையை ஆட்டினான். அரைமணி நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முகச்சுளிப்புக்கூட வரவில்லை. அந்தப் பத்து நாளும் செட்டு ஒரு குறையும் இல்லாமல் பாடியது. என்ன பாடியது என்று கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.