பிரிக்காத சுருக்குப்பை

தெருவில் அவளுக்குக் கம்பியக்கா என்றுதான் பெயர். விரலில் எந்நேரமும் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். "எங்க வீட்டம்மா ஒரு தப்பும் பண்ணாம வீட்லயே கம்பி எண்ணுறாங்க" என்று புருஷன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் செய்த கம்மலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்தான் அருமை தெரியும். காதில் மாட்டுகிற கொக்கியைக்கூடக் கடையில் வாங்கமாட்டாள். தானே வளைத்து, நுனியை அரத்தால் ராவி, கீறுகிறதா என்று தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் சுருக்குப்பையில் போட்டு முடிச்சுப் போடுவாள். அவள் காதில் மட்டும் வேலையில் மிஞ்சிய துண்டுக் கம்பி. ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வீட்டில் இப்போது கம்மலுக்கு மிஞ்சியிருப்பது கூடத்து மேசையின் ஒரு மூலை. மற்ற இடமெல்லாம், கம்மலைப் போனில் விற்றுப் பெட்டி கட்டி அனுப்புகிற தம்பி பொண்டாட்டியின் ராஜ்ஜியம். பெரிய பெட்டி, அதற்குள் சின்னப் பெட்டி, அதற்குள் சீவல் சீவலாக நறுக்கிய காகிதம், காய்ந்த பூ ஒன்று, கட்டைவிரல் உயரத்தில் ஒரு மெழுகுவத்தி, மேலே ரிப்பன். போதாக்குறைக்கு எல்லாவற்றின்மேலும் வாசனைத் தண்ணீர் வேறு. கண்றாவி! தலையணையில் அந்த வாடை, தண்ணீர்க் குடத்தில் அந்த வாடை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் கம்பியக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் வைக்கிற நன்றி அட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. 'இதைச் செய்யும்போது முழுக்க உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன், அன்புத் தோழி' என்று டிவி பார்த்துக்கொண்டே எழுதித் தள்ளி, அடியில் கம்பியக்காவின் பெயரைப் போடுவாள் அந்தப் பெண்.

"நான் எவளை நினைச்சேன்? கொக்கி சரியா வளையுதான்னு நினைச்சேன். யாரைக் கேட்டு இப்படிப் புளுகுற?"

"ஐயோ அண்ணி, அதெல்லாம் ஒரு இதுக்கு. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்குது."

பிடித்துத்தான் தொலைத்தது. போனில் வருகிற பாராட்டையெல்லாம் அவள் உரக்கப் படித்துக் காட்டுவாள். பாக்ஸ் சூப்பர், ரிப்பன் சூப்பர், மெழுகுவத்தி கொள்ளை அழகு. கம்மல் என்ற சொல்லைக் காணோம். ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. மெஷின்ல செஞ்ச கம்மலை மொத்தமா வாங்கி உள்ள போட்டா ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியப் போறதில்ல. உங்க கண்ணுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்."

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். கம்பியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பல் டாக்டரம்மாவுக்குத் தெரியும்" என்றாள். மாதம் தவறாமல் வாங்குகிறவள் அந்த டாக்டரம்மா. நேரில் பார்த்ததில்லை. 'உங்கள் கைக்கு ஒரு முத்தம்' என்று ஒருமுறை எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் கம்பியக்கா இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கே தெரியலன்னா, அப்புறம் நீ சொன்னபடி செய்யி. நான் வாயே திறக்கமாட்டேன்."

விதி என்று ஒன்று இருக்கிறதே. அந்த வாரமே டாக்டரம்மாவுக்கு ஒரு ஜோடி போக வேண்டியிருந்தது. பச்சை மணி வைத்த கம்மல். கம்பியக்கா முடிச்சுப் போட்ட பிறகும் மனசு கேட்காமல், இடது கொக்கி ஒரு நூல் அளவு சாய்ந்திருக்கிறது என்று மறுபடி வெளியே எடுத்துச் சுவர் ஆணியில் தொங்கவிட்டாள். பழக்க தோஷத்தில் வெறும் பையை இழுத்து முடிந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள். அதற்குள் குக்கர் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் மூளை வேறெங்கோ போய்விட்டது. தம்பி பொண்டாட்டி பையை எடுத்துப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டி அனுப்பினாள். அவள் பையைத் திறந்து பார்க்கிற ஜாதி இல்லை. திறந்தால் சுருக்கு கசங்கிவிடுமாம்.

ஆணியில் தொங்கிய பச்சைக் கம்மலைக் கம்பியக்கா மறுநாள் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். போன் போடலாம் என்று கையைத் துடைக்கும்போதே கூடத்திலிருந்து சத்தம்.

"அண்ணி, ஓடி வாங்க! டாக்டரம்மா வீடியோ போட்டிருக்காங்க!"

வீடியோவில் ஒரு ஜோடிக் கை ரிப்பனை அவிழ்த்தது, காகிதத்தை அள்ளி முகர்ந்தது, மெழுகுவத்தியைக் கொஞ்சியது. சுருக்குப்பையை எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டது. "அப்பா, என்னா வேலைப்பாடு! மனசு நிறைஞ்சு போச்சு" என்றது குரல். அத்தோடு முடிந்தது.

கம்பியக்கா போன் போடவில்லை. அப்புறமாகத் திறந்து பார்ப்பாளாக இருக்கும், பார்த்தால் கேட்பாள் என்று காத்திருந்தாள். வாரம் ஓடியது. ஒரு கேள்வியும் வரவில்லை. பொறுக்க முடியாமல், கம்மலைத் துண்டுக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினாள்.

கிளினிக்கில் கூட்டமில்லை. நோயாளிகள் உட்காரும் அறையில், கண்ணாடி அலமாரி நிறைய அவர்கள் வீட்டுப் பெட்டிகள். ரிப்பனைத் திரும்பக் கட்டி அடுக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சுருக்குப்பைகள், தான் போட்ட முடிச்சு போட்டபடியே. தன் கைமுடிச்சு அவளுக்குத் தெரியாதா?

பெயரைச் சொல்லி அனுப்பியதும் டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "நீங்களா! உக்காருங்க, உக்காருங்க." மாஸ்க்கைக் கழற்றினாள். இரண்டு காதும் மொழுமொழுவென்று இருந்தன. பொட்டு ஓட்டை இல்லை.

"நீங்க... கம்மல் போடுறதில்லையா?"

"எங்கங்க! மாஸ்க் நாடா மாட்டி மாட்டி இழுக்குது. விட்டுட்டேன், ஓட்டையும் தூந்து போச்சு. ஆனா உங்க பெட்டியைப் பிரிக்கிற சுகம் இருக்கே, அதுக்காகவே வாங்கறேன்!"

சீ, இந்த அலமாரிக்காகவா கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று கம்பியக்காவுக்கு இருந்தது. இருந்தாலும் வந்த காரியம் இருக்கிறதே. போன பெட்டியில் பை காலி என்று சொல்லிக் காகித மடிப்பை நீட்டினாள். டாக்டரம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரிக்கவில்லை. முகம் சுண்டிவிட்டது.

"இதுக்குப் பெட்டி இல்லீங்களா?"

"இல்ல" என்று அவள் கையிலிருந்து மடிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு கம்பியக்கா படி இறங்கினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காதிலிருந்த துண்டுக் கம்பிகளைக் கழற்றி வெளியே எறிந்தாள். பச்சைக் கம்மலை மாட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்ததை அவள் போடுவது அதுதான் முதல் தடவை. கொக்கி கொஞ்சமும் குத்தவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வாடை வந்து முகத்தில் அடித்தது. தம்பி பொண்டாட்டி ரிப்பனை வெட்டிக்கொண்டே நிமிர்ந்தாள். கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"அட, கம்மல் சூப்பரா இருக்கே அண்ணி! எந்தக் கடையில வாங்கினீங்க?"