கோணல் ஒட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி ரப்பர் கையுறைகளை ஒருமுறை போட்டுவிட்டு எறிய மாட்டார்கள். கழுவி, காற்றடைத்துப் பார்த்து, ஓட்டை இருந்தால் சைக்கிள் டியூப்புக்குப் போல ஒட்டுப் போட்டு, நீராவியில் அவித்து மறுபடி வார்டுக்கு அனுப்புவோம். அது என் வேலை. பகலெல்லாம் காற்றில் உப்பிய அந்தக் கையுறைகளோடு கைகுலுக்கிப் பேசுவேன். சிங்கப்பூர் தேக்காவில் என் மாடி அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது.

ஒருநாள் என் தொடையில் வந்த கட்டியைக் கீற அங்கேயே படுக்க நேர்ந்தது. கட்டி எலுமிச்சை அளவு. என் பயம் பலாப்பழ அளவு.

"கூட யாருண்ணே வந்திருக்காங்க?" என்றாள் தமிழ் நர்ஸ்.

"வர்றாங்க லா," என்று வாசலைப் பார்த்தேன். வருவதற்கு எனக்கு யாருமில்லை.

டாக்டர் கத்தியை எடுத்தார். அவர் கையுறையின் சுட்டுவிரலில் கோணலாக ஓர் ஒட்டு. ஐயோ, நான் போட்டது!

"நர்ஸம்மா, அந்த ஒட்டு தாங்குமா?"

"ஒட்டினது நீங்க. என்னைக் கேக்கறீங்களே!"

கண்ணை மூடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிறகு திறந்து அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தாங்கியது.

கால் புண் ஆறி வேலைக்குப் போனபோது அந்தக் கையுறையும் கழுவ வந்திருந்தது. காற்றடைத்துக் கைகுலுக்கினேன். துணைக்கு வந்தவரை வெறுமனே அனுப்பலாமா?