பொம்பளைக்கு இன்னா கயிறு?

இந்த ஊரில் ஒரு பெண் "நான் குடித்துக்கொண்டிருந்தவள்" என்று சொன்னால் கை தட்டுகிறார்கள். சத்தியமாகத்தான் சொல்கிறேன். கனடாவில், வின்னிபெக்கில் என் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, குடியிலிருந்து மீளும் தாய்மார்களின் ஆன்லைன் கூட்டத்தில் முதன்முதலாக நான் வாயைத் திறந்தபோதும் தட்டினார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்து லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டேன். கூட்டத்தை நடத்தும் மார்த்தா உடனே போன் செய்து, இன்டர்நெட்டில் கோளாறா என்று கேட்டாள். கோளாறு இன்டர்நெட்டில் இல்லையம்மா, நான் பிறந்த ஊரில்.

சேரப்பணஞ்சேரியில் 1991இல் நான் பார்த்த கைதட்டல் வேறு. என் சித்தி கல்குவாரியில் ஜல்லி உடைத்தவள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று முதல் டம்ளர் பிராந்தியை ஊற்றிக் கொடுத்தது அவள் மாமியார்தான். வலி போகவில்லை, பழக்கம் ஒட்டிக்கொண்டது. சித்தப்பாவும் குடிப்பார். எங்கள் பக்கம் குடியை விட நினைக்கிற ஆண், வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வான். கயிறு கையில் இருக்கும்வரை ஊரே அவனைத் தாங்கும். சித்தப்பா கட்டினார், அறுத்தார், மறுபடியும் கட்டினார். "பாவம், அவனும் வுடணும்னுதான் பாக்குறான்" என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஈரப் புடவையோடு சித்தியும் போய்க் கையை நீட்டினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பொம்பளைக்கு இன்னா கயிறு? வூட்டுக்குப் போம்மா," என்றார் பூசாரி.

வாசலில் இருந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கையில் கயிற்றோடு சித்தப்பாவும் சிரித்தார். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு சித்தியைக் குன்றத்தூரில் அவள் தாய்வீட்டுக்குத் துரத்தினார்கள். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியே அந்தப் பிள்ளையை வளர்த்தார்கள். அட வெட்கங்கெட்டவர்களே! குடித்துவிட்டு வந்து உதைத்தவன் கடைசிவரை அப்பனாகவே இருந்தான். குடித்தவள் மட்டும் அம்மா இல்லாமல் போனாள்.

வயல் போய்க் கம்பெனி வந்தது, ஊரே மாறிவிட்டது என்று ஊர்க்காரர்கள் நீங்கள் எனக்கு எழுதுகிறீர்கள். என்ன மாறியது? தமிழ் பேசும் அம்மாக்களுக்காக நானே தொடங்கிய ஆன்லைன் குழுவுக்கு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் படப்பையிலிருந்து அமுதா வருகிறாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வீடியோ போடாமல் பேசுவாள். குடியை விட்டுவிட்டாள். மகள் மட்டும் இன்னும் தெருமுனையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள்.

"கயிறு கட்டிகினு வா, அப்பால புள்ளையத் தர்றேன்றாங்கக்கா. பூசாரி பொம்பளைக்குக் கட்டமாட்டேன்றாரு. நான் இன்னாதான் பண்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே கயிறு, அதே வாய்! பெயர் சொல்லாமல் மார்த்தாவிடம் புலம்பினேன். "மாமியாரையும் ஒருநாள் கூட்டத்துக்கு அழைத்து வரச் சொல்லேன், குடும்பத்தின் ஆதரவு முக்கியம்" என்றாள். நல்லவள்தான். அவளுக்கு மாமியார் என்றால் கிறிஸ்துமஸுக்குக் கேக் சுட்டுக்கொண்டு வருகிறவள்.

பூசாரி கிடக்கிறார், நாமே கட்டுவோம் என்றேன். குழுவில் அவரவர் ஊரில் கிடைத்த நூலை மஞ்சளில் நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். தன் கையில் தானே முடிச்சுப் போட வருமா? பல்லால் இழுத்து, சிரித்து, அழுது, ஒருவழியாகக் கட்டினோம். மறுநாள் வேலையிடத்தில் ஒருத்தி என் கையைப் பார்த்து, அழகான பிரேஸ்லெட், எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். அமுதா மட்டும் அன்று கட்டவில்லை. "நானே கட்டிகினா எங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கக்கா" என்று நூலைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் அவளே முதலில் பேசினாள்.

"நூலை எடுத்துகினு மாமியார் வூட்டுக்குப் போனேன்க்கா. கேட்டைத் தொறக்கல. பாப்பா கிரில்லு வழியா கைய வுட்டு, 'குடும்மா, நான் கட்றேன்'னு அவளே முடிச்சுப் போட்டா. மாமியார் பாத்துகினே நின்னாங்க. தடுக்கல."

முதன்முதலாக வீடியோ போட்டாள். முகம் இல்லை, மணிக்கட்டு மட்டும். சின்னக் கை போட்ட முடிச்சு, கோணல்மாணலாக, ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லோரும் தட்டத் தொடங்கினோம். இங்கே கற்றுக்கொண்டபடி நானும் பலமாகத் தட்டினேன்.

"மெதுவாத் தட்டுங்கக்கா," என்றாள் அமுதா. "கீழ் வூட்ல கேட்டுடும்."

என் கைகள் இரண்டும் சேராமல் அப்படியே நின்றுவிட்டன.