பாட்டுப் போட்டியில் பெருமாயியின் நாற்காலி

பெருமாயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று என்னைக் கேட்டால் முதலில் கோபம்தான் வரும். அப்படி ஒரு வம்புக்காரி. ஒரு பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், அதில் என்ன குறை என்று தேடிக்கொண்டு வந்துவிடுவாள். "ஏன் கலைமணி, அந்தப் பாட்டுல ரெண்டாஞ் சரணத்துல தபேலாக்காரரு தூங்கிட்டாரு, மறுபடி கேட்டுப் பாரு" என்பாள். மறுபடி கேட்டால் அவள் சொன்னபடியே இருக்கும். எரிச்சல் இன்னும் அதிகமாகும்.

ஆட்டையாம்பட்டியில் ஒரே தறிப்பட்டறையில் எதிரெதிர்த் தறியில் நின்று வயதானவர்கள் நாங்கள். என்னைவிட மூத்தவள், பெருமாயக்கா என்றுதான் கூப்பிடுவேன். விசைத்தறி ஓடும் இடத்தில் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. எங்கள் பாட்டும் அப்படியே. அவள் பல்லவியை வாயசைப்பாள், நான் சரணத்தை வாயசைக்க வேண்டும். என்ன படம், யார் பாடியது, யார் மெட்டு, எல்லாம் உதட்டிலும் கையிலும்தான் நடக்கும். பாடியது யார் என்று தகராறு வந்தால் சத்தமே இல்லாமல் சண்டை போடுவோம். பாவு நூல் அறுந்து தறி நின்றபோதுகூட அவள் சண்டையை நிறுத்தியதில்லை. முதலாளி வந்து பார்த்தால் இரண்டு பெண்கள் ஏதோ சாபம் விட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் போய்விடுவார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கலையரசன், பாட்டுப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது அவளைச் சேர்த்துவிட்டது நான்தான். காலையில் ஒருவர் ஒரு பாட்டு போடுவார். மத்தியானத்துக்குள் அதைப் பற்றிய துணுக்குகள் வந்து குவியும். பெருமாயிக்கு எழுதிப் பழக்கமில்லை, குரலில்தான் அனுப்புவாள். தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல் அது. போனைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். "நேத்துப் போட்ட டூயட்டுல ரெண்டாவது மியூசிக் முடியுற எடத்துல ஆரோ நாற்காலிய நகத்துறாங்க, காதத் தீட்டிக்கிட்டுக் கேளுங்க" என்று ஒருநாள் அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. பாதிப்பேர் நாற்காலிதான் என்றார்கள். பாதிப்பேர் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று சொல்லிவைத்தேன், அவளை யார் ஜெயிக்க விடுவது.

மாதத்தின் முதல் ஞாயிறு கலையரசன் கடை மாடியில் எல்லோரும் கூடுவோம். முறுக்கும் டீயும் இருக்கும், போட்டியும் இருக்கும். பாட்டின் தொடக்க இசையைக் கொஞ்சம்போல ஓடவிடுவான். முன்வரிசை நாற்காலியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பாட்டைச் சொன்னால் மட்டும் போதாது, அதைப் பற்றி ஒரு துணுக்கும் சொல்ல வேண்டும். மல்லசமுத்திரத்திலிருந்து வரும் ரங்கன், போர்வெல் வண்டி ஓட்டுகிறவர், ஊர் ஊராகச் சுற்றிப் பாட்டு சேர்த்தவர். அவரே பெருமாயியிடம் தோற்றுத் தோற்று முகம் தொங்கிப் போவார். அவள் ஜெயித்தால் அடக்கமாக இருப்பாளா? "இன்னும் கொஞ்சம் பாட்டு கேட்டுட்டு வாங்க ரங்கா" என்று சொல்லித்தான் படியிறங்குவாள்.

போன வருடம் அவள் தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தாள். நான் வற்புறுத்திச் சேலத்துக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன, கனத்த சத்தங்கள் மட்டும் மிச்சம், இனி திரும்ப வராது, எல்லாம் தறி செய்த வேலை என்றார் டாக்டர். காதுக்கு மிஷின் கொடுத்தார். அதைப் போட்டால் பேச்சு புரிகிறது. பாட்டு மட்டும் தகரத்தில் ஆணி இழுப்பதுபோல இருக்கிறது என்றாள். பேச்சுக்கு மிஷினைப் போட்டு, பாட்டுக்குக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளப் பழகினாள். வயலின் போயிற்று, புல்லாங்குழல் போயிற்று. டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் அவளுக்கு நின்றன.

ஒரு சொட்டு அழவில்லை அவள். அடுத்த மாதக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பேஸ் அதிரும் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டாள். அது எப்படி, பெட்டியைத் தொடுவது முறையில்லை என்று ரங்கன் எழுந்தார். "உங்களுக்குக் காதுல கேக்குது, காதுல கேளுங்க. நான் கையில கேக்குறேன். உங்களுக்கும் கை இருக்குதில்ல, வந்து வையுங்க" என்றாள். ரங்கன் உட்கார்ந்துவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் மாதையனுக்குத்தான் மானம் போயிற்று. "காது கேக்காதவ பாட்டுப் போட்டிக்குப் போறாளாம்னு டீக்கடையில சிரிக்கிறானுங்க. ஊட்டுல இருந்தா என்ன கொறஞ்சு போச்சு" என்று நான் இருக்கும்போதே கத்தினார். அவள் சட்டென்று மிஷினைக் கழற்றினாள். "எனக்கு இப்ப எதுவும் கேக்குலீங்க, சாயந்திரம் சொல்லுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாதையன் மேல் வந்ததைவிட எனக்கு அதிகக் கோபம் வந்தது கலையரசன் மேல்தான். நல்லவன், அதனால்தான் இன்னும் கோபம். பொன்னாடையும் கையுமாக அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா, இத்தன வருசம் ஜெயிச்சாச்சு. இனி நீங்க நடுவரா ஒக்காருங்க. உங்கள மேடையேத்தி மரியாதை பண்ணலாம்னு எல்லாருக்கும் ஆசைங்க" என்றான்.

"ஏஞ்சாமி, காது போனவளுக்கு நடுவர் வேலையா? ஆரு என்ன சொன்னாலும் தலைய ஆட்டோணுமா?" என்றாள் பெருமாயி. "அதில்லைங்கக்கா" என்று இழுத்தான். "அதேதான். என்னைய நாற்காலியில இருந்து எழுப்பி உட்டுட்டு, அதுக்கு ஒரு துணி போத்துற. நான் செத்தா கோடித்துணி போத்துவாங்க, அதுவரைக்கும் எனக்குப் போர்வை வேண்டாம். டீ ஆறுது, குடி." அவன் டீயைக் குடித்தான், பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

இந்த மாதப் போட்டியில் மாடியில் நிற்க இடமில்லை. சிலர் பாட்டுக்காக வந்தார்கள், சிலர் அவள் எப்போது விழுவாள் என்று பார்க்க வந்தார்கள். எனக்கு அந்த முகங்கள் தெரியும். தொடக்கத்தில் வந்த பாட்டுகளில் டிரம்ஸ் அதிர்ந்தது, ஒன்றைப் பட்டென்று பிடித்தாள். துணுக்கும் சொன்னாள்: "இதுல பேஸ் வாசிக்கிறவரு கடைசிப் பல்லவியில மட்டும் ஒரு அடி உட்டுட்டு வருவாரு. தப்பில்லை, வேணும்னேதான்." ரங்கன் கையை நீட்டிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்புறம் கலையரசன் அடுத்ததை அழுத்தினான். ஒற்றைப் புல்லாங்குழல். அடியில் தாளம் கிடையாது, எதுவும் கிடையாது. பட்டறையில் அவளுக்கும் எனக்கும் நாள் தவறாமல் உதட்டில் ஓடிய பாட்டு அது. பெருமாயி பெட்டிமேல் கை வைத்துக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போடு சாமி, ஏன் இன்னும் போடுல?" என்றாள்.

குழல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடுகிறது என்று கலையரசன் கையால் காட்டினான். அவள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பியபோது பல்லவியின் முதல் இரண்டு வார்த்தையை வாயசைத்துவிட்டேன். தப்பு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், மறுபடியும் அதையே செய்வேன்.

அவள் படித்துவிட்டாள். என் உதட்டை அவள் தவறாகப் படித்ததே இல்லை. அந்தப் பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள். வாயைத் திறந்து பெயரைச் சொன்னால் போதும், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அவள் என்னை முறைத்தாள். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இது எனக்குக் கேக்குலை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மார்க்கு வேண்டாம். அடுத்தது போடு." ரங்கன் மனசு இளகிப்போய், "அக்காவுக்கு நல்லா அடிக்கிற பாட்டா ஒண்ணு போடுப்பா" என்று கலையரசனிடம் மெதுவாகச் சொன்னார். அவர் உதட்டையும் அவள் படித்துவிட்டாள். "ரங்கா, உங்களுக்கு என்ன போடுறானோ அதையே எனக்கும் போடட்டும். பெட்டியத் தொடக் கூடாதுன்னு சண்டைக்கு வந்தீங்களே, அது மரியாதை. இது என்ன, பிச்சையா?" ரங்கன் தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு வயலின் பாட்டு வந்தது, விட்டாள். ஒரு உறுமிப் பாட்டு வந்தது, பிடித்தாள். முடிவில் ரங்கன் ஜெயித்தார், பெருமாயி கடைசி. அவ்வளவு பேர் பார்க்கத் தோற்றாள். என் அழுகையை அடக்க நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெருமாயி மிஷினை எடுத்துக் காதில் மாட்டியபோது, அடுத்த மாதம் யார் யார் நாற்காலியில் உட்காருவது என்று கலையரசன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மொதப் பேரு என்னுது" என்றாள் பெருமாயி. "நீ எல்லாப் பாட்டையும் புல்லாங்குழலாவே போடு சாமி, அப்பவும் வந்து ஒக்காருவேன். கேக்குலைன்னா கேக்குலைன்னு நானே சொல்லுவேன். நீங்க ஆரும் அத எனக்குச் சொல்ல வேண்டாம்."