போணி பில்

போட்ட பில்லைக் கேன்சல் செய்யப் போனால், "காரணம்?" என்று கேட்டு ஒரு சின்னக் கட்டம் திரையில் வந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணி ஞாபகம் வந்துவிடும். கூடவே அன்று வந்த கோபமும் வரும்.

என் அண்ணன் லாரி விபத்தில் இறந்த மறுவருடம், பெரம்பலூரில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணக்கு உதவியாளர் படிப்பில் சேரப்போவதாக அண்ணி சொன்னார். குரும்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தவர்கள் எல்லாம் இப்போது படிப்பை விசாரிக்க வந்தார்கள். "ஒத்தையில அனுப்ப மாட்டேன், நீயும் கூடப் போ" என்று அம்மா என்னையும் சேர்த்துவிட்டாள். எனக்குக் கணக்கு வேப்பங்காய். பற்று எது, வரவு எது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணி பில்லையும் ரசீதையும் ஒத்துப் பார்த்து முடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் தொடையில் கிள்ளுவார். படித்து முடித்ததும் ஒரு வேலை, யாரிடமும் கையேந்தாமல் மகளை வளர்ப்பது, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கடைசியில் பயிற்சிக்காக எங்கள் இருவரையும் அரியலூரில் ஓர் உரக்கடைக்கு அனுப்பினார்கள். நன்றாகச் செய்பவருக்கு அங்கேயே வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். அண்ணி அதற்காகப் புதுச் செருப்பு வாங்கினார். ஆனால் முதலாளி எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரிடமோ விசாரித்திருக்கிறார். என்னைத் தனியே கூப்பிட்டு, "போணி பில்லை நீ போடும்மா. அண்ணி கொஞ்சம் லேட்டா வரட்டும். தப்பா நெனச்சுக்காத, யாவாரம் பாரு" என்றார். நாளின் முதல் வியாபாரத்தில் கைம்பெண்ணின் கை படக்கூடாதாம். சாப்பிட்டீர்களா என்று தினமும் எங்களைக் கேட்கிற மனிதர்தான். அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணியிடம் சொன்னேன். "சரி" என்றார். மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயி யூரியா வாங்க வந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன். அண்ணி உட்கார்ந்து, பெயர் கேட்டு, மூட்டைகளைப் பதிந்து, பில்லை எடுத்து நீட்டினார். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த முதலாளி ஓடி வந்தார்.

"அந்த பில்லைக் கேன்சல் பண்ணு. இந்தப் பொண்ணு புதுசா போடட்டும்."

அண்ணி எழுந்திருக்கவில்லை.

"பண்ணிடலாங்க. காரணம் எழுதச் சொல்லுது. என்னன்னு எழுதட்டும்? புருசன் செத்தவ போட்ட பில்லுன்னு எழுதட்டுங்களா?"

விவசாயி பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இந்த பில்லே போதும். மூட்டையத் தூக்கச் சொல்லுங்க" என்றார். அவருக்கு வயலில் வேலை கிடந்தது.

முதலாளி மனம் மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. மதியத்துக்குள், "வேற எடம் பாத்துக்குங்கம்மா" என்று எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணி அழுதார். "அவசரப்பட்டுட்டனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். கல்லூரி மேடம்தான் அலைந்து வேறு இடம் பிடித்துக் கொடுத்தார்.

இப்போது அண்ணி பெரம்பலூரில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு உதவியாளர். தினமும் போணி பில் அவர்தான் போடுகிறார். வேறு யாராவது அந்த நாற்காலிக்கு முந்தினால், "எந்திரி, அது என் வேலை" என்பார். போன மாதம் நான் போயிருந்தபோது கடையில் நல்ல கூட்டம். அந்தக் கடை முதலாளி பெருமையாக, "எல்லாம் உங்க அண்ணி கைராசிங்க" என்றார். நான் பல்லைக் காட்டினேன். அண்ணி திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ராசியெல்லாம் சொல்லாதீங்க சார். இன்னைக்கு ராசிம்பீங்க, நாளைக்கு யாவாரம் படுத்துட்டா என் தாலியப் பேசுவீங்க. நான் படிச்சிட்டு வந்து பில் போடறேன். அடுத்தது யாருங்க?"