பின்வாசல் இல்லாத விடுதி

அந்தத் தையற்காரிக்குக் கோபமே வராது என்றுதான் தெருவில் எல்லோருக்கும் நினைப்பு. சட்டையின் கை இறுக்கிப் பிடிக்கிறது என்று யாராவது வந்து கத்தினாலும், "அதுக்கென்ன, குடுங்க, பிரிச்சுத் தரேன்" என்பாள். கடவுள் அவளுக்கு அப்படியொரு மனசைக் கொடுத்திருந்தார்.

கல்யாணம் அமையவில்லை. அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டாள். சமையலறையை ஒட்டிய அறையில் தையல் மெஷின். துணி கொண்டு வருகிறவர்கள் பின்வாசல் வழியாகத்தான் வருவார்கள்; அவளும் அதன் வழியாகத்தான் போய் வருவாள். அதனால் அண்ணன் குடும்பம் வெளியே கிளம்பினால், அவள் உள்ளே இருக்கும்போதே முன்கதவைப் பூட்டிக்கொண்டு போவது அந்த வீட்டு வழக்கம்.

மலைமேல் ஏரி இருக்கிற ஊருக்கு சனி, ஞாயிறு போய்வரலாம் என்று அண்ணன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"நீயும் வா. வாரம் பூரா மெஷினே கதின்னு கெடக்கற. படகுல ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்."

அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து படகில் ஏறியதில்லை. அந்த வாரம் சாமி கும்பிடக் கண்ணை மூடினாலும் படகுதான் வந்து நின்றது.

தங்கின விடுதி தனி வீடு மாதிரி, சமையலறையோடு இருந்தது. சமையலறை இருந்தால் யார் சமைப்பது என்று கேட்கவா வேண்டும்? வெள்ளிக்கிழமை ராத்திரி போய் இறங்கியதிலிருந்து அவள் அடுப்படியை விட்டு நகரவில்லை. சனிக்கிழமை காலையில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி, ஏரிக்கென்று எடுத்துவந்த நல்ல உடுப்போடு குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் பேச்சு மூச்சில்லை. வாசலில் யார் செருப்பும் இல்லை. கதவை இழுத்துப் பார்த்தாள். வெளியே பூட்டு.

பழக்கத்தில் பின்பக்கம் ஓடினாள். அங்கே சுவர்தான் இருந்தது.

கைமறதியாகப் பூட்டியிருப்பான், பாவம், என்றுதான் முதலில் நினைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட, விடுதிக் காவல்காரர் மாற்றுச் சாவியோடு வந்தார்.

"உள்ள ஆள் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா! இப்பத்தான் சிரிச்சுப் பேசிட்டுப் போனாரு."

அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஈரத் தலையோடு சரிவில் விறுவிறுவென்று இறங்கினாள்.

படகுத்துறை வரிசையில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய பெண்கள் இருவரும் நின்றிருந்தார்கள். அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நீ எப்படி வந்த? மதியத்துக்கு என்ன வெச்ச?"

"கல்லும் மண்ணும் வெச்சேன். பூட்டினது யாரு?"

"கை தானா பூட்டிருச்சு, பழக்கதோஷம்," என்றான் அண்ணன். "மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கைக்குப் பழக்கம், சரி. வாய்க்கு என்ன வந்துச்சு? வழியெல்லாம் நடந்து வந்தியே, தங்கச்சி எங்கன்னு ஒரு தடவ கேட்டியா?"

"நான் கேட்டேன் அத்தை," என்றாள் சின்னவள். "அம்மாதான் அத்தைக்குக் குளிர் ஆகாதுன்னாங்க."

அவளுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

"எனக்கா ஆகாது? காலையில ஐஸ் மாதிரித் தண்ணியில உங்க பாத்திரத்தக் கழுவினேனே, அப்ப ஆச்சா? ஏரித் தண்ணி மட்டுந்தான் ஆகாதா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் படகு வந்து முட்டியது. தையற்காரி எல்லோருக்கும் முன்னால் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தாள்.

"நாலு பேருதான் ஏறலாம்," என்றார் படகுக்காரர்.

"ஏறியாச்சு ஒருத்தி. மிச்சத்த அவங்க பேசி முடிவு பண்ணட்டும்."

பெண்கள் இருவரும் அத்தையின் இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அண்ணி கடைசியில் ஏறினாள். அண்ணன் பைகளோடு கரையில் நின்றான். "அடுத்த சுத்துல நான் வரேன்" என்று அவன் கையாட்டியதற்கு அவள் திரும்பவே இல்லை.

துடுப்பு விழுந்தது. தண்ணீர் குளுகுளுவென்று கையில் பட்டது. தன் மனசு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். இரக்கம் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டாள்.

'கடவுளே, இந்தக் கோபம் ஊர் போய்ச் சேர்ற வரைக்குமாவது ஆறாம இருக்கட்டும்.'