டேவிட் கேட்ட கறி

நோர்வேக்கு வந்த புதிதில் ஒருநாள், வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு இங்கெரிடம் "ஹார் டூ ஸ்பிஸ்ட்?" என்று கேட்டேன். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கொஞ்சம் யோசித்தாள், "இல்லை, ஏன்?" என்றாள். ஏனென்று நான் என்னத்தைச் சொல்வது? சிரித்துச் சமாளித்து உள்ளே வந்துவிட்டேன். சற்று நேரத்தில் உடை மாற்றி, கையில் ஒரு போத்தல் பழச்சாறுடன் வாசலில் வந்து நின்றாள். நான் விருந்துக்குக் கூப்பிட்டதாக நினைத்துவிட்டாள், பாவம். வீட்டில் இருந்ததோ முதல்நாள் பருப்பும் பாண் ரொட்டியும்தான்.

நான் வளர்ந்த கொழும்பு வெள்ளவத்தையில் அந்தக் கேள்விக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. ஒழுங்கையில் எதிரே வருபவர், மாடிவீட்டு லிப்டில் கூட நிற்பவர், எவரானாலும் "சாப்பிட்டாச்சோ?" என்பார். ஓம் என்றால் விட்டுவிடவும் மாட்டார். "என்ன கறி?" என்று அடுத்தது வரும். முதற்கேள்வி மரியாதைக்கு, இரண்டாவது பிரியத்துக்கு. நோர்வேயில் இத்தனை வருடத்தில் என் கறியைப் பற்றி ஒருவரும் விசாரித்ததில்லை. டேவிட்தான் முதலில் கேட்டார்.

டேவிட் என் கைப்பேசிக்குத் தானாக வந்து சேர்ந்த மாப்பிள்ளை. சிங்கப்பூரில் பொறியியலாளர், மனைவியை இழந்தவர், படத்தில் நீலக் கோட்டும் நரைத்த கிருதாவுமாக நல்ல வடிவு. "இந்த வயசில உமக்கு யோகம்தான்" என்று என் கணவர் சிரித்தார். இப்படி வருகிற செய்திகளின் சங்கதி எனக்குத் தெரியும். கொம்பியூட்டர் வேலை என்று ஆசைகாட்டிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், மியன்மார் எல்லையில் பூட்டிவைத்து, அடித்து, இப்படிக் காதல் வார்த்தை எழுதி ஊர் உலகத்திடம் காசு கறக்க வைக்கிறார்கள். அந்த எண்ணைத் தடுக்கப் போன விரலை அடுத்த வரி நிறுத்தியது. ஆங்கிலத்தில்தான் இருந்தது: "மதியம் சாப்பிட்டீர்களா? என்ன கறி?"

சிங்கப்பூர்க் கோட்டுக்காரன் இதைக் கேட்கமாட்டான். இது எங்கட பிள்ளை.

"நீ இலங்கையா?" என்று அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். மறுநாள்தான் "நான் சிங்கப்பூர், அன்பே" என்று வறண்ட ஒரு வரி வந்தது. முதுகுக்குப் பின்னால் ஆரோ நின்று வாசிக்கிறார்கள் என்று விளங்கிற்று. அதன்பிறகு சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நான் கதைக்கவில்லை. காதலர்கள் கறியைப் பற்றிக் கதைத்தால் எந்தக் காவற்காரன் சந்தேகப்படுவான்?

அம்மா வைக்கும் பாரைமீன் குழம்புதான் விருப்பம் என்றான். மீன் எங்கே வாங்குவா என்றேன். "மோதர" என்று வந்தது. கொழும்பு முகத்துவாரத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். சிங்கப்பூரில் ஏது மோதர! செவ்வாய்க்கிழமைகளில் அம்மா கோயிலுக்குப் போய்வந்துதான் இடியப்பம் அவிப்பா, ஜம்பட்டா வீதிக் கடைகளுக்குப் போவது அவவுடையதுதான், எல்லாரும் அவவை மேரி ஆன்ட்டி என்பார்கள் என்று சிறுகச் சிறுகச் சொன்னான். அந்த வீதி இருக்கும் கொட்டாஞ்சேனையில் மேரி ஆன்ட்டிமாருக்கு என்ன பஞ்சம்? ஆனால் இடியப்ப மேரி ஆன்ட்டி ஒருவர்தான். வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கை வசந்தி பஸ் ஏறிப்போய், இரண்டு கடையில் விசாரித்து அவவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

மகன் நிரோஷன் தாய்லாந்தில் நல்ல வேலையில் இருப்பதாகத்தான் அந்தத் தாய் நம்பியிருந்தா. வசந்தி சொன்னதைக் கேட்டு அழவில்லையாம். "எனக்கு அப்பவே மனசு சரியில்ல மகள்" என்றாவாம். "ஃபோன்ல நல்லா இருக்கன் என்டுதான் சொல்றான். ஆனா என்ன கறி என்டு கேக்கிறதே இல்ல. கேட்டா அவனுக்கு அழுகை வந்திரும், அதான்."

வசந்தியும் அந்தத் தாயுமாக வெளிநாட்டு அமைச்சு, பொலிஸ் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். தமிழில் தொடங்கி, சிங்களத்தில் கெஞ்சி, திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொன்னார்கள். இடையில் டேவிட் மௌனமானான். என் கறிக்கேள்விகளால் அகப்பட்டு அடிவாங்குகிறானோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பின் காணாத பிள்ளைக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவள் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை வசந்தியின் அழைப்பு வந்தது. "அக்கா, பெடியனை மீட்டாச்சு, எல்லை தாண்டித் தாய்லாந்துக்கு வந்திட்டான். இன்னும் கொஞ்சப் பிள்ளையளும் கூட வந்திருக்கினம்." அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த விடுமுறைக்குக் கொழும்பு போனேன். கொட்டாஞ்சேனையில் மேரி ஆன்ட்டியின் சின்ன வீட்டில் இடியப்பமும் பாரைக் குழம்பும். நிரோஷன் மெலிந்திருந்தான், முகம் பார்க்க வெட்கப்பட்டான்.

"ஸொரி ஆன்ட்டி. அவங்க எழுதித் தந்ததில சாப்பிட்டீங்களா என்டு மட்டுந்தான் இருந்திச்சி. மத்தது என்ட வாயில தானா வந்தது. கேக்காம எப்பிடி விடுறது?"

அவன் தலையைத் தடவினேன். அந்த நேரம் பார்த்து என் கைப்பேசியில் ஒரு செய்தி விழுந்தது. அதே நீலக் கோட்டு, அதே டேவிட். "வணக்கம் அன்பே, நலமா?"

நிரோஷன் எட்டி வாசித்தான். "என்ட இடத்தில வேற ஒருத்தன இருத்திட்டானுகள்" என்றான் மெதுவாக.

மேரி ஆன்ட்டி என் தட்டில் குழம்பை ஊற்றினா. "அவன் எந்த ஊர்த் தாய்ட பிள்ளையோ. சாப்பிட்டானா என்டு கேளுங்க மகள். என்ன கறி என்டும் கேளுங்க."

கேட்டேன்.

இப்போது திரும்பி வந்துவிட்டேன். வெளியே பனி. இங்கெர் வேலிக்கு அப்பால் நின்று, நான் பழக்கிய கேள்வியை என்னிடமே கேட்கிறாள்: "ஹார் டூ ஸ்பிஸ்ட்?" சமையலறையில் கறி அடுப்பில் இருக்கிறது. நான் கைப்பேசியைப் பார்க்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருந்து அனுப்பிய என் கேள்வியை அந்தப் புது டேவிட் வாசித்துவிட்டான், பதில் எழுதவில்லை.

"இன்னும் இல்லை" என்கிறேன் இங்கெரிடம்.